ஹிக்கப் என்ற சொல் எங்கிருந்து வந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில், சனிக்கிழமை காலையில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தை ஒட்டிய ஓர் அறையில் தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு வாசிப்பு வகுப்பு நடத்துகிறேன். பாதி நேரம் தமிழ், பாதி நேரம் ஆங்கிலம். ஒருநாள் ஒரு பையன் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தபோது அவனுக்கு விக்கல் வந்துவிட்டது. வரிக்கு வரி விக்கல். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள், அவனும் சிரித்தான், விக்கல் மட்டும் நிற்கவில்லை. சரி, வாசிப்பு போகட்டும் என்று அந்தச் சொல்லைப் பற்றியே பேச ஆரம்பித்தோம்.

பிள்ளைகள் அதை வீட்டில் போய்ச் சொல்ல, பெற்றோர்களும் தாத்தா பாட்டிகளும் கேட்கத் தொடங்கினார்கள். மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது, தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போது என்று எங்கே பார்த்தாலும் அதே கேள்விகள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதிப் பதில்களைச் சேர்த்திருக்கிறேன்.

"ஹிக்கப்னா விக்கல்தானே டீச்சர்? வேற அர்த்தம் இருக்கா?"

விக்கல்தான். ஆங்கிலத்தில் அது பெயர்ச்சொல்லாகவும் வரும், விக்கினான் என்று வினைச்சொல்லாகவும் வரும். பெரும்பாலும் பன்மையில் 'ஹிக்கப்ஸ்' என்றே சொல்வார்கள், ஏனென்றால் விக்கல் ஒன்றோடு நிற்பதில்லை. இன்னொரு பொருளும் உண்டு: ஒரு வேலையில் வரும் சின்னத் தடங்கல். அலுவலகத்தில் அதிகம் கேட்பது இதுதான். கடைசிப் பகுதியில் அதற்கு வருகிறேன்.

"யாரும் வாயைத் திறந்து சொல்றதில்லையே, அப்புறம் ஏன் 'ஹிக்'னு கேக்குது?"

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உதரவிதானம் என்று ஒரு தசை இருக்கிறது. நாம் மூச்சு இழுக்கும்போது அது கீழே இறங்கும். விக்கல் வரும்போது நம்மைக் கேட்காமலே அது வெடுக்கென்று சுருங்குகிறது. காற்று தொண்டை வழியாக உள்ளே பாய்கிறது. பாய்ந்து சுமார் 35 மில்லி வினாடிக்குள், அதாவது ஒரு வினாடியில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு நேரத்துக்குள், குரல்நாண்கள் இரண்டும் சேர்ந்து வழியை அடைத்துவிடுகின்றன. காற்று பாய்வது 'ஹி'. வழி அடைபடுவது 'க்'. அவ்வளவுதான் சொல்லே.

வகுப்பில் பிள்ளைகளை இதைச் செய்து பார்க்கச் சொன்னேன். மூச்சை வெளியே விட்டு 'ஹிக்' என்று சொல்லுங்கள், பிறகு மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே சொல்லுங்கள். இரண்டாவது முறை பத்துப் பேர் சேர்ந்து சொன்னபோது அறை முழுக்க விக்கல் சத்தம். நாம் பேசும் சொற்கள் எல்லாம் வெளியே போகும் மூச்சில் பிறக்கின்றன, விக்கல் மட்டும் உள்ளே வரும் மூச்சில் பிறக்கிறது. இதை ஒரு பிள்ளையே கண்டுபிடித்துச் சொன்னாள்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. 'க்' என்ற எழுத்துக்கு நாக்கின் பின்பக்கம் மேலே போய் ஒட்டும். விக்கலில் அடைபடுவது அதற்கும் கீழே, குரல்வளையில். அந்த அடைப்புக்கென்று ஆங்கிலத்திலும் எழுத்து இல்லை, தமிழிலும் இல்லை. பக்கத்தில் இருக்கும் எழுத்து 'க்' என்பதால் இரண்டு மொழியும் அதையே எடுத்துக்கொண்டன.

"இந்தச் சொல் ஆங்கிலத்தில் எத்தனை வருஷமாக இருக்கு?"

16ஆம் நூற்றாண்டிலிருந்து எழுத்தில் கிடைக்கிறது. முதலில் இப்போதைய வடிவத்தில் இல்லை. 1540களில் 'ஹிக்கெட்' என்று எழுதினார்கள். 'ஹிக்காக்' என்றும் ஒரு வடிவம் இருந்தது. 1570களில் 'ஹிக்காப்' என்று வந்தது. வால் மாறிக்கொண்டே இருந்தாலும் 'ஹிக்' என்ற தலை மாறவே இல்லை. இன்று நாம் எழுதும் வடிவம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் நிலைபெற்றது.

அதற்கு முன்னால் ஆங்கிலேயர்களுக்கு விக்கல் வராமலா இருந்திருக்கும்? அப்போது 'யெக்ஸ்' என்று சொன்னார்கள். 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர், குடித்துவிட்டுப் படுக்கப் போகும் ஒரு மாவு ஆலைக்காரரை வருணிக்கும்போது அந்தச் சொல்லைத்தான் போடுகிறார். அதையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அதிலும் 'க்' இருக்கிறது.

அதற்கும் முந்திய பழைய ஆங்கிலத்தில் 'ஏல்ஃப்சொகொதா' என்று ஒரு சொல் உண்டு. 'ஏல்ஃப்' என்பது அவர்கள் கதைகளில் வரும், கண்ணுக்குத் தெரியாத குட்டித் தேவதை. விக்கலுக்குக் காரணம் அதன் சேட்டை என்று நம்பியதால் அந்தப் பெயர். எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் மிகவும் பிடித்த சொல் இதுதான்.

"'கப்'னு முடியுதே, தண்ணி குடிக்கிற கப்பா?"

இல்லை கண்ணு. விக்கலுக்குத் தண்ணீர் குடிக்கிறோம், அதனால் அப்படித் தோன்றுகிறது. மேலே சொன்ன 'ஹிக்காப்' தேய்ந்து 'ஹிக்கப்' ஆனது, கோப்பைக்கும் அதற்கும் உறவில்லை.

"என் அப்பா வைத்திருந்த பழைய ஆங்கிலப் புத்தகத்தில் 'காஃப்' என்று முடிகிற மாதிரி எழுத்துகள் இருக்கின்றன. எது சரி?"

இதுதான் அதிகம் பேர் கேட்ட கேள்வி. கேட்டவர் ஓய்வு பெற்ற ஒருவர். அவருடைய பேத்தி அந்தப் பழைய புத்தகத்தைப் பார்த்துத் தன் கட்டுரையில் அப்படியே எழுதியிருக்கிறாள். அவள் படித்த துணைப்பாட நிலையத்தில் சிவப்பு மையில் அடித்துப் பிழை என்று போட்டுவிட்டார்கள். பிள்ளை அழுதுகொண்டு வந்திருக்கிறாள். எனக்கு மனம் பொறுக்கவில்லை, ஏனென்றால் அவள் எழுதியது பிழை இல்லை. அகராதிகளில் இரண்டு வடிவமும் இருக்கின்றன.

1620களில் என்ன நடந்தது என்றால், படித்தவர்கள் சிலர் இந்தச் சொல்லைப் பார்த்தார்கள். 'ஹிக்' சரி, பின்னால் வரும் 'காப்' என்ன? பொருளே இல்லையே! விக்கலும் தொண்டையில் வருகிறது, இருமலும் தொண்டையில் வருகிறது, ஆகவே இது 'காஃப்' என்ற இருமலாகத்தான் இருக்க வேண்டும், பாமரர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று நினைத்தார்கள். எழுத்தைத் திருத்தினார்கள். அப்படித்தான் கடைசியில் 'சி-ஓ-யு-ஜி-எச்' வந்து ஒட்டிக்கொண்டது. விக்கல் இருமலே அல்ல: இருமும்போது காற்று வெளியே போகிறது, விக்கும்போது உள்ளே வருகிறது.

தெரியாத ஒரு சொல்லைத் தெரிந்த சொல்லாக மாற்றிக்கொள்ளும் இந்தப் பழக்கம் எல்லா மொழியிலும் உண்டு. கடலுணவுக் கடையில் 'கிரேஃபிஷ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது மீன் இல்லை, இறால் வகை. பழைய பிரெஞ்சில் 'கிரெவிஸ்' என்று இருந்ததன் கடைசி ஒலி 'ஃபிஷ்' மாதிரி காதில் விழுந்ததால் ஆங்கிலேயர்கள் அதை மீனாக்கிவிட்டார்கள். அங்கே மீன், இங்கே இருமல்.

என்னைக் கேட்டால் பள்ளிப் பிள்ளைகள் 'யு-பி' என்று முடியும் வடிவத்தையே எழுதட்டும். இன்று புழக்கத்தில் இருப்பது அது, சத்தத்தைக் கேட்டு எழுதியதும் அது. ஆனால் மற்ற வடிவத்தை எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்.

"அப்ப அந்த நீளமான எழுத்தை 'ஹிக்காஃப்'னு வாசிக்கணுமா?"

வேண்டாம். எப்படி எழுதினாலும் உச்சரிப்பு 'ஹிக்கப்' தான். திருத்தியவர்களால் எழுத்தைத்தான் மாற்ற முடிந்தது, மக்கள் நாக்கை மாற்ற முடியவில்லை.

"விக்கினான் என்று இறந்தகாலத்தில் எழுதும்போது ஒரு 'பி'யா, இரண்டு 'பி'யா?"

ஒன்று போதும். அழுத்தம் முதல் அசையில் விழுவதால் கடைசி எழுத்தை இரட்டிக்கத் தேவையில்லை. இரண்டு போட்டு எழுதுபவர்களும் உண்டு, சில அகராதிகள் அதையும் ஏற்கின்றன.

"தமிழில் விக்கல் என்பது சமஸ்கிருத 'ஹிக்கா'விலிருந்து வந்ததாமே? ஆங்கிலமும் அதிலிருந்துதான் போயிருக்குமோ?"

இரண்டும் இல்லை என்பதே என் பதில். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சமஸ்கிருதத்தில் 'ஹிக்கா', இந்தியில் 'ஹிச்கீ', ஆங்கிலத்தில் 'ஹிக்கப்'. பார்த்தவுடன் ஒரே குடும்பம் போலத்தான் தெரிகிறது. ஆனால் ஆங்கிலமும் சமஸ்கிருதமும் உறவு மொழிகள் என்பதால், ஒரே வேரிலிருந்து பிறந்த சொற்களில் எந்த ஒலி எதுவாக மாறும் என்பதற்கு ஒழுங்கு உண்டு. ஆங்கிலத்தில் 'ஹ'வில் தொடங்கும் பழைய சொற்களுக்குச் சமஸ்கிருதத்தில் பெரும்பாலும் 'ச'வோ 'க'வோதான் வரும். நூறு ஆங்கிலத்தில் 'ஹண்ட்ரட்', சமஸ்கிருதத்தில் 'சதம்'. கொம்பு ஆங்கிலத்தில் 'ஹார்ன்', சமஸ்கிருதத்தில் 'சிருங்கம்'. ஹிக்கப்பும் ஹிக்காவும் ஒரே வேர் என்றால் இரண்டிலும் 'ஹ' இருந்திருக்காது. ஒலி இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதே அவை உறவினர் அல்ல என்பதற்குச் சான்று. இரண்டு ஊர்க்காரர்கள் ஒரே சத்தத்தைத் தனித்தனியாகக் கேட்டு எழுதினார்கள்.

இனி விக்கல். 'விக்கு' என்ற வினை நம் மொழிக் குடும்பத்திலேயே இருக்கிறது. கன்னடத்தில் 'பிக்கு' என்றால் தேம்பி அழு, 'பிக்களிகெ' என்றால் விக்கல். (அந்த 'பி'யைப் 'பிஸ்கட்' என்பதில் வருவது போல மெலிதாகச் சொல்ல வேண்டும்.) தமிழில் 'வ' வரும் இடத்தில் கன்னடத்தில் 'ப' வருவது வழக்கமான மாற்றம்: வேர் அங்கே 'பேரு', வாய் அங்கே 'பாய்'. மலையாளத்தில் 'விக்கு' என்றால் திக்கிப் பேசுவது, விக்கலை 'எக்கிள்' என்கிறார்கள். இப்படி அக்கம்பக்கத்து மொழிகளில் ஒழுங்காக வடிவம் மாறிப் பரவியிருக்கும் சொல்லை இரவல் என்று சொல்ல முடியாது.

எழுத்துச் சான்றும் இருக்கிறது. 335ஆவது குறள்: "நாச்செற்று விக்குள்மேல் வாராமுன் நல்வினை மேற்சென்று செய்யப் படும்." பேச முடியாமல் நாக்கை அடக்கிவிட்டு விக்கல் எழும்பி வருவதற்கு முன்பே நல்ல காரியங்களை விரைந்து செய்துவிட வேண்டும் என்பது பொருள். 'விக்குள்' என்பதுதான் இன்றைய விக்கல். ஆங்கிலத்தில் 'ஹிக்கெட்' எழுத்துக்கு வந்ததற்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம் சொல் நூலேறிவிட்டது.

"சத்தத்திலிருந்து வந்த சொல் என்றால் சின்னப் பிள்ளைப் பேச்சுதானே? கட்டுரையில் எழுதலாமா?"

ஒரு தாயார் கவலையோடு கேட்டார். தாராளமாக எழுதலாம். இப்போதுதான் குறளைப் பார்த்தோம். சாவின் வாசலில் வரும் சத்தத்தைச் சொல்ல வள்ளுவருக்கே வேறு சொல் தேவைப்படவில்லை. 'சலசல', 'கலகல', 'மொறுமொறு' என்பவற்றைப் பிள்ளைகள் எழுதினால் "இதெல்லாம் பேச்சு வழக்கு" என்று ஒதுக்குகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. தமிழின் செல்வங்களில் அது ஒன்று. தொல்காப்பியம் இப்படிப்பட்ட சொற்களுக்கென்று தனியாக விதியே வகுத்திருக்கிறது.

"அப்படியென்றால் 'விக்கி விக்கி' இரட்டைக்கிளவியா? தேர்வில் வந்தால் என்ன எழுதுவது?"

"இரட்டைக் கிளவி இரட்டின் பிரிந்திசையா" என்பது தொல்காப்பிய விதி. பிரித்தால் பொருள் தராதது இரட்டைக்கிளவி. 'சலசல' என்பதில் ஒரு 'சல' மட்டும் நின்றால் பொருள் இல்லை. 'விக்கி' தனியாக நின்றாலும் பொருள் தரும்: "பேச முடியாமல் விக்கினான்." ஆகவே 'விக்கி விக்கி' அடுக்குத்தொடர். சத்தத்தில் பிறந்த சொல் எல்லாம் இரட்டைக்கிளவி ஆகிவிடாது. 'விக்கல்' அதற்குரிய தொழிற்பெயர்.

"விக்கி விக்கி அழுதான்னு சொல்றோமே, அழுகைக்கும் விக்கலுக்கும் என்ன சம்பந்தம்?"

கேட்டது தொடக்கநிலை 4 மாணவி. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

பிள்ளை ரொம்ப நேரம் அழுது ஓய்ந்த பிறகு கவனியுங்கள். கண்ணீர் நின்றிருக்கும், முகம் காய்ந்திருக்கும். ஆனால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நெஞ்சு தானாக ஒரு தூக்கு தூக்கும், மூச்சு இரண்டு மூன்று துண்டாக உள்ளே போகும். தோளில் சாய்த்துக்கொண்டிருந்தால் நம் நெஞ்சிலேயே அந்த உதறல் தெரியும். விக்கலைப் போலவே அதுவும் நாம் கேட்காமல் வரும் மூச்சு. அதனால்தான் இரண்டுக்கும் ஒரே சொல்.

தமிழ் மட்டும் அப்படிச் செய்யவில்லை. தெலுங்கில் 'வெக்கி வெக்கி' அழுதான் என்பார்கள். கன்னடத்தில் 'பிக்கு' அழுகைக்கே உரியது என்று மேலே பார்த்தோம். லத்தீன் மொழியில் 'சிங்குல்டஸ்' என்றால் தேம்பலும் உண்டு, விக்கலும் உண்டு. மருத்துவர்கள் இன்றும் விக்கலுக்கு அந்தப் பெயரைத்தான் எழுதுகிறார்கள். சாசர் எழுதிய 'யெக்ஸ்' எந்தப் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததோ அதற்கும் தேம்பல், விக்கல் என்ற இரண்டு பொருளும் இருந்தன. மலாயிலும் அப்படியே.

"மலாய்ல, சீனத்துல என்ன சொல்வாங்க? பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோட பேச உதவும்."

மலாயில் 'செடு'. தேம்பித் தேம்பி அழுவது 'தெர்செடு-செடு'. இந்தோனீசியாவில் 'செகுகான்' என்பார்கள். மாண்டரினில் 'தா கெ'. 'தா' என்றால் அடித்தல், 'கெ' என்பது தொண்டையில் எழும் சத்தம். ஏப்பத்துக்கும் அதையே சொல்வதால் எதைச் சொல்கிறார்கள் என்பதை இடம் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். எங்கள் மாடியில் இருக்கும் சீனப் பாட்டியிடம் சொல்லிக் காட்டச் சொன்னேன். அவர் 'கெ' என்று சொன்னபோது கழுத்தே ஒரு முறை ஆடியது.

"உலகமே ஒரே மாதிரிதான் விக்குது. அப்புறம் ஏன் எல்லா மொழியிலும் ஒரே சொல் இல்லை?"

சத்தம் ஒன்றுதான், அதை எழுதக் கையில் இருக்கும் எழுத்துகள் வேறு. டேனிஷ் மொழியில் 'ஹிக்கெ'. பிரெஞ்சுக்காரர்கள் 'ஹ'வை ஒலிப்பதில்லை, 'ஒக்கே' என்கிறார்கள். ஸ்பானிய மொழியில் 'இப்போ', அவர்கள் காதுக்கு அடைப்பு உதட்டில் விழுவது போலக் கேட்டிருக்கிறது. ஜப்பானில் 'ஷாக்குரி'. தமிழிலும் சொல்லுக்கு முதலில் 'ஹ' வராது, நமக்கு 'வி' கிடைத்தது. ஜெர்மானியர்கள் சத்தத்தை விட்டுவிட்டு, 'விழுங்கு' என்ற சொல்லிலிருந்து 'ஷ்லுக்காஃப்' என்று உண்டாக்கிக்கொண்டார்கள்.

நாய் குரைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு 'லொள் லொள்', ஆங்கிலத்தில் 'பவ் வவ்', மாண்டரினில் 'வாங் வாங்'. அங்கே வேறுபாடு இன்னும் அதிகம். நாயின் தொண்டை நம்முடையது இல்லையே, வெளியிலிருந்து கேட்டு நடிக்கிறோம். விக்கல் நம் தொண்டையிலேயே பிறக்கிறது. அதனால்தான் இத்தனை மொழிகளிலும் அந்த அடைபடும் ஒலி திரும்பத் திரும்ப வருகிறது என்று நினைக்கிறேன்.

"விக்கல் வந்தா யாரோ நம்மள நினைக்கிறாங்கன்னு அம்மா சொல்வாங்க. வெள்ளைக்காரங்களும் அப்படிச் சொல்வாங்களா?"

இந்தியிலும் அப்படி ஒரு நம்பிக்கை உண்டு. ஆங்கிலேயர்கள் விக்கலுக்குச் சொல்வதில்லை. காது சுட்டால் யாரோ நம்மைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பார்கள்.

ஆனால் நம் பழைய நூலில் இதற்குரிய அடையாளம் விக்கல் இல்லை, தும்மல்! 1203ஆவது குறளில் தலைவி சொல்கிறாள்: "நினைப்பவர் போன்று நினையார்கொல் தும்மல் சினைப்பது போன்று கெடும்." தும்மல் வருவது போல் வந்து நின்றுவிட்டது, அவர் என்னை நினைக்கத் தொடங்கி விட்டுவிட்டாரோ என்கிறாள். 1317இல் இன்னும் அழகு. தலைவன் தும்மினான். அவள் வழக்கப்படி வாழ்த்தினாள். உடனே "யார் நினைத்ததால் தும்மினீர்?" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அடுத்த குறளில் அவன் பயந்து தும்மலை அடக்கிக்கொள்கிறான், "உமக்கு வேண்டியவர் நினைப்பதை எனக்கு மறைக்கிறீரா" என்று அதற்கும் அழுகிறாள். தும்மினால் வாழ்த்தும் வழக்கமும் இதிலேயே இருக்கிறது.

இன்று அந்த வேலையை விக்கலும் புரையேறுதலும் எடுத்துக்கொண்டன. இங்கே காலாங்கில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, சாப்பிடும்போது புரையேறினால் உடனே ஊருக்குத் தொலைபேசியில் அழைத்து "அம்மா, இப்ப என்னை நினைச்சீங்களா?" என்று கேட்பாராம். அம்மா எப்போதும் ஆமாம் என்றுதான் சொல்வாராம்.

"தண்ணீர் குடித்தால் நிற்குமா? பயமுறுத்தினால் நிற்குமா?"

சாதாரண விக்கல் தானாகவே நின்றுவிடும். மூச்சை அடக்குவது, மெதுவாகத் தண்ணீர் குடிப்பது, ஒரு கரண்டி சீனியை விழுங்குவது எல்லாம் மூச்சின் ஓட்டத்தையோ தொண்டை நரம்பையோ கொஞ்சம் திசைதிருப்பும். 2,400 ஆண்டுகளுக்கு முன்பு கிரேக்கத்தில் பிளேட்டோ எழுதிய ஒரு விருந்துக் காட்சியிலும் இதே வைத்தியம்தான். பேச வேண்டிய நேரத்தில் நாடக ஆசிரியர் அரிஸ்டோஃபனீஸுக்கு விக்கல் வந்துவிடுகிறது. பக்கத்தில் இருந்த மருத்துவர் மூச்சை அடக்கு, தண்ணீரால் கொப்பளி, அதற்கும் நிற்காவிட்டால் மூக்கைக் கிச்சுகிச்சு மூட்டித் தும்மு என்கிறார். கடைசியில் தும்மல்தான் நிறுத்தியது.

பயமுறுத்தும் வேலை வயதானவர்களிடம் வேண்டாம். 48 மணி நேரம் தாண்டியும் விக்கல் நிற்காவிட்டால் பலதுறை மருந்தகத்துக்கோ மருத்துவரிடமோ போய்விடுங்கள், உள்ளே வேறு காரணம் இருக்கலாம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த சார்ல்ஸ் ஆஸ்போர்ன் என்பவருக்கு 1922இல் ஒரு பன்றியை எடை போடும்போது தொடங்கிய விக்கல் 1990இல்தான் நின்றது. 68 ஆண்டுகள்! கின்னஸ் சாதனையாகப் பதிவானது. இதைச் சொன்னபோது வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.

"எங்க மேனேஜர் 'ஸ்மால் ஹிக்கப்' என்று மின்னஞ்சல் அனுப்புகிறார். தமிழ் அறிவிப்பில் 'சிறு விக்கல்' என்று போடலாமா?"

வேண்டாம். ஆங்கிலத்தில் அந்தப் பொருள் 20ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில்தான் பரவியது. அங்கே அது லேசான சொல்: நின்றது, மறுபடி ஓடும், கவலை வேண்டாம். தமிழில் விக்கலை உவமையாக எடுத்தால் நம் காதில் முதலில் விழுவது 335ஆவது குறளின் விக்கல். அது திரும்பி வராத கட்டம். "கட்டணச் சேவையில் சிறு விக்கல்" என்று படிக்கும் ஒரு முதியவருக்கு என்ன புரியும்?

'சிறு தடங்கல்' என்று போடுங்கள். ரயில் தாமதம், கணினி நின்றுபோனது, கூட்டம் தள்ளிப்போனது எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். என்ன நடந்தது என்று தெரிந்தால் அதையே எழுதுவது அதைவிட நல்லது.

"சித்திரக்கதையில் குடிகாரர் வாயில் 'ஹிக்'னு போடறாங்க. தமிழ்க் கதையில் விக்கலை எப்படி எழுதுறது?"

மது குடித்தால் விக்கல் வருவதுண்டு, அதனால் ஆங்கிலச் சித்திரக்கதைகளில் அது ஓர் அடையாளமாகிவிட்டது. தமிழில் 'ஹிக்' என்றே எழுதுகிறார்கள், 'விக்' என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் சரி. ஆனால் சொல்லுக்குப் பிறகு 'ஹிக்' போடுவதைவிடச் சொல்லின் நடுவில் உடைப்பது எனக்குப் பிடிக்கும், உண்மையான விக்கல் வாக்கியம் முடியும்வரை காத்திருப்பதில்லை.

முதலில் சொன்னேனே, வாசிக்கும்போது விக்கிய பையன், அவனுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. அடுத்த வாரம் தன் தாத்தாவைப் பற்றி ஒரு பத்தி எழுதிக்கொண்டு வந்தான். நாசி லெமாக்கில் சம்பல் காரம் தாங்காமல் தாத்தாவுக்கு விக்கல் வருகிறது. அவன் எழுதியது இப்படி: "தம்பி, அந்தத் தண்-க்-ணியை எடு-க்-டா."